என் யூரின்ல 286 ஆர்சனிக் வந்த கதை

தண்ணி சாம்பிள் டெஸ்ட் பண்ற லேப்ல ஒன்பது வருஷமா இருக்கேன். ஆர்சனிக்னா எனக்கு தினமும் பாக்கற பேரு, காலைல மெஷினை ஆன் பண்ணினா மொத மொத ஓடற ஸ்டாண்டர்ட்ல அதுவும் ஒண்ணு. ஆனா அதே பேரு என் பேருக்கு நேரா பிரிண்ட் ஆகி வந்தப்ப இந்த ஒன்பது வருஷப் படிப்பும் எங்க போச்சுன்னே தெரியல, கை கால் நடுங்கிடுச்சு.

வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்கு மெடிக்கல் செக்கப் உண்டு. எப்பவும் ரிப்போர்ட்டைப் பாக்காமலே பைல்ல போட்டுருவேன். அந்தத் தடவை யூரின்ல மொத்த ஆர்சனிக் லிட்டருக்கு 286 மைக்ரோகிராம்னு போட்டு, பக்கத்துல 50க்குக் கீழ இருக்கணும்னு ரேஞ்ச் போட்டு, அதுக்கு ஒரு சிவப்புக் கோடும் அடிச்சு அனுப்பியிருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி பூரா செல்போன் டார்ச்சை அடிச்சு உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பாத்துட்டு இருந்தேன், ஏன்னா ரொம்ப வருஷம் ஆர்சனிக் தண்ணி குடிச்சவங்களுக்கு அங்கதான் தோல் தடிச்சு சின்னச் சின்ன காய்ப்பு மாதிரி வரும், மார்லயும் முதுகுலயும் மழைத்துளி தெறிச்ச மாதிரி கருப்பும் வெளுப்புமா புள்ளி விழும்னு படிச்சிருக்கேன். நகத்துல குறுக்க வெள்ளைக் கோடு இருக்கான்னும் பாத்தேன். பெரிய அளவுல ஒரே தடவையா உள்ள போனா சில வாரம் கழிச்சு அந்தக் கோடு தெரியும், நகம் வளர வளர அது மேல ஏறும். எனக்கு ஒரு எழவும் இல்ல. இல்லைங்கறதும் நிம்மதியா இல்ல, ஏன்னா இதெல்லாம் வர்றதுக்கு வருஷக்கணக்கு ஆகும்னும் எனக்குத் தெரியுமே.

மறுநாள் செக்கப் பண்ணின எடத்துல இருந்த டாக்டர் நம்பரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, உடம்புல இருக்கற மெட்டலை இழுத்து வெளிய தள்ற மருந்து இருக்கு, ஒடனே ஆரம்பிச்சிடலாம்னாரு. நானும் சரின்னுட்டு வந்துட்டேன். இப்ப நெனச்சா எனக்கே என் மேல கோவம் வருது.

லேப்ல எனக்கு சீனியர் ஒரு அக்கா. ரிப்போர்ட்டைக் காட்டினேன். பத்து செகண்ட் பாத்துட்டு நம்பரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "சாம்பிள் குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் என்ன சாப்ட?"ன்னாங்க.

யோசிச்சேன். முந்தின நாள் ராத்திரி இறால், நண்டு, மீன்னு ஒரு கட்டு கட்டியிருந்தேன். சொன்னதும் சிரிச்சுட்டாங்க. "ஒன்பது வருஷம் இந்த மெஷினோட குடும்பம் நடத்திட்டு, எந்த ஆர்சனிக்னு கேக்கணும்னு உனக்குத் தோணலையா? மருந்தும் வேணாம் மண்ணும் வேணாம், மீதி சாம்பிள் இருக்கான்னு கேளு, பிரிச்சுப் பாக்கச் சொல்லு."

பிரிச்சுப் பாக்கறதுன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இந்தப் பதிவே அதைப் பத்திதான். ஆர்சனிக்ங்கறது ஒரே ஒரு சரக்கு இல்ல. தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கறது பெரும்பாலும் கனிம வகை, அதுல ஆர்சனைட், ஆர்சனேட்னு ரெண்டு. உடம்புக்குள்ள போனதும் கல்லீரல் அதுல மெத்தில் குரூப்புங்கற சின்ன கார்பன் துண்டை ஒண்ணு ரெண்டா ஒட்டி மோனோமெத்தில், டைமெத்தில்னு மாத்தி யூரின் வழியா வெளிய அனுப்பும். கடல் உயிரினங்கள்ல இருக்கறது இன்னொரு குடும்பம். மீன், இறால், நண்டுல பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன், கடல்பாசியில ஆர்சனோசுகர். இதுல ஆர்சனோபீட்டைன் நம்ம உடம்புல எதோடயும் ஒட்டாது உறவாடாது, வந்த வழியே ரெண்டு மூணு நாள்ல அப்படியே வெளிய போயிடும். எலிகளுக்குக் கிலோவுக்கு பத்து கிராம் கணக்குல குடுத்துப் பாத்தும் சாகலைன்னா பாத்துக்கோங்க, அதே கனிம ஆர்சனிக்கா இருந்தா மில்லிகிராம்லயே கதை முடிஞ்சிடும்.

மீனுக்கு எதுக்கு இந்த ஆர்சனோபீட்டைன்னு எனக்கு ரொம்ப நாள் கேள்வி. கடல் தண்ணியோட உப்பு செல்லுல இருக்கற தண்ணியை இழுத்துடாம இருக்க, கடல் உயிரினங்கள் சில சின்ன மூலக்கூறுகளை உள்ள சேத்து வச்சுக்கும், அதுல ஒண்ணு கிளைசீன் பீட்டைன். ஆர்சனோபீட்டைன் அதோட அச்சு அசல் சாயல், நைட்ரஜன் இருக்கற எடத்துல ஆர்சனிக், அவ்ளோதான், அதனால இதுவும் கூட சேந்து தங்கிடுது. அதான் ஆத்து மீனை விட கடல் மீன்ல அதிகமா இருக்கறதுக்கு ஒரு காரணம்.

மொத்த ஆர்சனிக் டெஸ்ட் பண்ற மெஷினுக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. பிளாஸ்மாவுல (ரத்த பிளாஸ்மா இல்ல, மெஷினுக்குள்ள பயங்கர சூட்டுல எரியற வாயு) எல்லாத்தையும் அணு அணுவா ஒடச்சுப் போட்டு எண்ணிச் சொல்லும், அவ்ளோதான் அதோட வேலை. இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. ஆர்சனிக்கோட நிறை எண் 75. பிளாஸ்மாவுக்கு நாம விடற ஆர்கான் வாயுவும் சாம்பிள்ல இருக்கற குளோரைடும் சேந்தா அதுவும் 75. யூரின்ல உப்பு எவ்ளோ இருக்கும்! மெஷினுக்குள்ள ஹீலியம் செல்னு ஹீலியம் வாயு விடற ஒரு அறை உண்டு, அதை வச்சு இந்தப் போலியை வடிகட்டாம ஓட்டினா இல்லாத ஆர்சனிக்கும் இருக்கற மாதிரி காட்டும். நாங்களே ஆரம்பத்துல உப்புத் தண்ணி சாம்பிள் ஒண்ணுல இப்படி ஏமாந்து ரிப்போர்ட் அனுப்பிட்டு, அப்புறம் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு திரும்ப வாங்கியிருக்கோம்.

நல்லவேளை, என் மீதி சாம்பிளை பிரீசர்ல வச்சிருந்தாங்க. ஸ்பீசியேஷன், அதாவது இந்த வகை பிரிக்கற டெஸ்ட் பண்ற வேற லேபுக்குப் போய் பன்னெண்டு நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. 286ல ஆர்சனோபீட்டைன் மட்டும் 260க்கு மேல. கனிம ஆர்சனிக், அதோட மெத்தில் வகைங்க எல்லாத்தையும் கூட்டினா 14. வேலை எடத்துல ஆர்சனிக் படறவங்களுக்கு அமெரிக்காவுல வச்சிருக்கற அளவுகோல் இந்தக் கூட்டுத்தொகை 35க்குள்ள இருக்கணும்னுதான், மொத்தத்தை வச்சு இல்ல. அஞ்சு நாள் கடல் சாப்பாடு எதுவும் தொடாம திரும்ப குடுத்தேன், மொத்தமே 17தான்.

அந்த மருந்தை ஆரம்பிச்சிருந்தா? சும்மா தானா வெளிய போயிட்டிருந்த ஒண்ணுக்காக, உடம்புக்குத் தேவையான துத்தநாகம், செம்பையெல்லாம் கூட சேத்து இழுத்திருப்பேன். இந்த மருந்துங்க கெட்டதுன்னு சொல்ல வரல, நெறைய ஆர்சனிக் ஒரே நேரத்துல உள்ள போனவங்களுக்கு அது உயிரைக் காப்பாத்தற விஷயம். ஆனா பல வருஷமா கொஞ்சம் கொஞ்சமா குடிச்சவங்களுக்குக் கூட மொத வைத்தியம் அந்தத் தண்ணியை நிறுத்தறதுதான். நிறுத்தினா கனிம வகையும் பெரும்பகுதி சில நாள்லயே யூரின்ல வெளிய வந்துடும், அது உண்டாக்கிட்டுப் போன சேதம்தான் தங்கும்.

ஒரு விஷயம், நான் தப்பிச்சேன்னு சொல்றதைக் கேட்டுட்டு யாரும் யூரின்ல ஆர்சனிக் வந்தா எல்லாம் மீன்தான்னு முடிவு கட்டிடாதீங்க. ஆர்சனோசுகரை உடம்பு ஒடச்சா அதுலயும் டைமெத்தில் வகை வரும், கனிம ஆர்சனிக்ல இருந்தும் அதே டைமெத்தில்தான் வரும், ஸ்பீசியேஷன் ரிப்போர்ட்ல கூட இந்தக் குழப்பம் இருக்கும். ஹிஜிகின்னு ஒரு கடல்பாசியில கனிம வகையே அதிகமா இருக்கு, அதைச் சாப்பிடாதீங்கன்னு பிரிட்டன் உட்பட சில நாட்டு அரசாங்கமே எச்சரிச்சிருக்கு. அதனால டெஸ்டுக்கு முன்னாடி நாலு அஞ்சு நாள் மீன், இறால், பாசி எதுவும் வேணாம். ரிப்போர்ட்ல மொத்தம்னு போட்டிருக்கா, கனிமம்னு போட்டிருக்கான்னு பாருங்க, யூனிட் லிட்டருக்கா இல்ல கிரியாட்டினின் (யூரின்ல வழக்கமா வெளியேற ஒரு கழிவு) கிராமுக்கான்னும் பாருங்க, நெறைய தண்ணி குடிச்சுட்டுக் குடுத்தா லிட்டர் கணக்கு தானா கொறஞ்சு காட்டும். ரத்த டெஸ்ட் இதுக்கு அவ்வளவு ஒதவாது, ஏன்னா ரத்தத்துல அது கொஞ்ச நேரந்தான் நிக்கும், இப்பத்தான் பட்டதுன்னா தெரியும். முடி, நகம் பழைய கதையைச் சொல்லும், ஆனா ஆர்சனிக் இருக்கற தண்ணியில குளிச்சாலே முடி மேல ஒட்டிக்கும், அது உள்ள இருந்து வந்ததா வெளிய இருந்து ஒட்டினதான்னு பிரிக்கறது கஷ்டம்.

சரி, கெட்ட வகை ஏன் கெட்டதுன்னு வருவோம். தனிம அட்டவணையில ஆர்சனிக் பாஸ்பரசுக்கு நேர் கீழ ஒக்காந்திருக்கு. ஆர்சனேட் பாக்கறதுக்கு பாஸ்பேட் மாதிரியே இருக்கறதால செல்லு கதவைத் தொறந்து விட்டுடும், பாக்டீரியாவுல இருந்து செடி வரைக்கும் எல்லாமே இந்த எடத்துல ஏமாறுது. உள்ள போய், செல்லுக்கு சக்தி குடுக்கற ஏடிபிங்கற மூலக்கூறைத் தயாரிக்கற எடத்துல பாஸ்பேட்டுக்குப் பதிலா ஒக்காந்துக்கும், ஆனா அந்தப் பிணைப்பு நிக்காது, ஒடனே ஒடஞ்சிடும், செல்லு ஒழைச்ச ஒழைப்பெல்லாம் வீண். ஆர்சனைட் வேற மாதிரி, அது கந்தகத்தைத் தேடிப் போய்ப் பிடிச்சுக்கும். நம்ம என்சைம்கள்ல முக்கியமான எடத்துல எல்லாம் கந்தகம் இருக்கு, அதைக் கவ்விப் பிடிச்சதும் சாப்பாட்டை சக்தியா மாத்தற வேலையே நின்னு போகுது. நகத்துலயும் முடியிலயும் ஆர்சனிக் போய்ச் சேர்றதும் கெராட்டின்ல கந்தகம் நெறைய இருக்கறதாலதான்.

பழைய தமிழ்ல இதுக்கெல்லாம் தனித்தனிப் பேரு இருக்கறது எனக்குப் பிடிச்ச விஷயம். மஞ்சளா இருக்கற சல்பைடு தாளகம், சிவப்பா இருக்கறது மனோசிலை, ஆக்சைடு வெள்ளைப் பாஷாணம். நாமதான் எல்லாத்தையும் ஆர்சனிக்னு ஒரே பையில போட்டுட்டோம்.

இந்த வகை விஷயம் எனக்கு ரெண்டாவது தடவை ஒறைச்சது ஒரு வீட்டுக் கிணத்துத் தண்ணியில. ஒரு குடும்பம் ரெண்டு பாட்டில் கொண்டு வந்தாங்க, ஒண்ணு கிணத்துத் தண்ணி, இன்னொண்ணு ஆர்ஓ பில்டர்ல இருந்து வந்தது. கிணத்துல லிட்டருக்கு 61 மைக்ரோகிராம் ஆர்சனிக். பில்டர்ல கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும், வந்தது 27. குடிக்கற தண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் 1993ல இருந்து வச்சிருக்கற அளவு 10. அந்த வீட்டுக்காரர் பில்டருக்குள்ள இருக்கற மெம்பிரேன் (தண்ணியை வடிகட்டற சவ்வு) டூப்ளிகேட்டுன்னு வித்தவங்க மேல பயங்கர கோவத்துல இருந்தாரு. பிரிச்சுப் பாத்தா கிணத்துல இருந்ததுல பெரும்பகுதி ஆர்சனைட். ஆழத்துல ஆக்சிஜன் இல்லாத எடத்துல அப்படித்தான் இருக்கும், சாதாரண பிஹெச்ல அதுக்கு மின்சுமை கிடையாது, மெம்பிரேன் சுமை இருக்கற ஆர்சனேட்டை நல்லாத் தடுக்கும், இது நைசா நழுவிடும். முன்னாடியே குளோரின் மாதிரி ஏதாவது போட்டு ஆர்சனேட்டா மாத்திட்டு அனுப்பினா நிக்கும், ஆனா குளோரின் மிச்சமிருந்தா அது மெம்பிரேனைக் கெடுக்கும், அதனால நடுவுல கார்பன் பில்டர் வச்சு குளோரினை எடுத்துடணும். அவங்க அப்படி மாத்தி வச்சப்புறம் 3க்கு எறங்குச்சு. மாத்தினாங்கன்னு சொன்னதோட விடாம திரும்ப சாம்பிள் கொண்டு வந்தாங்க பாருங்க, அது ரொம்ப அபூர்வம், நூத்துல தொண்ணூறு பேரு வரமாட்டாங்க.

அந்த அம்மா பாவம், கொதிக்க வச்சுத்தான் குழந்தைங்களுக்குக் குடுத்திருக்காங்க. கொதிக்க வச்சா கிருமிதான் சாகும், ஆர்சனிக் எங்கயும் போகாது, தண்ணி ஆவியாக ஆவியாக இன்னும் அடர்த்திதான் ஆகும். நிறம் இல்ல, வாசனை இல்ல, ருசி இல்ல, டெஸ்ட் பண்ணாம கண்டுபிடிக்க வழியே இல்ல. சாம்பிள் எடுக்கறப்பயும் கவனம் வேணும், காத்து பட்டா ஆர்சனைட் மெதுவா ஆர்சனேட்டா மாறிடும், இரும்பு நெறைய இருந்தா அது துருவா படியும், ஆர்சனிக்கும் அதோட சேந்து பாட்டில் அடியில ஒக்காந்துடும், மேல தெளிவா இருக்கறதை ஊத்தி டெஸ்ட் பண்ணினா கம்மியா காட்டும். லேப்ல குடுக்கற பாட்டில்ல எடுங்கன்னு நாங்க நச்சரிக்கறது இதுக்குத்தான். பழைய ஜூஸ் பாட்டில்ல கொண்டு வர்றவங்க இன்னைக்கும் இருக்காங்க.

ஒரு வீட்டுக் கிணறுன்னா பில்டரோட போச்சு. வங்காளதேசத்துல நடந்தது ரொம்பப் பெரிசு. குளத்துத் தண்ணியால வயித்துப்போக்கு வந்து குழந்தைங்க சாகறாங்கன்னு நல்ல எண்ணத்துல ஊர் ஊரா அடிபம்பு போட்டாங்க, அந்த ஆழத்து மண்ணுல இரும்போட ஒட்டியிருந்த ஆர்சனிக்கை நுண்ணுயிர்கள் கரைச்சு தண்ணியில விட்டுட்டு இருந்தது யாருக்கும் தெரியல. பக்கத்துல மேற்கு வங்காளத்துல 1983லயே தோல் டாக்டர் ஒருத்தர் நோயாளிங்க தோலைப் பாத்து கண்டுபிடிச்சிட்டாரு, வங்காளதேசத்துல 1993லதான் உறுதியாச்சு. அப்புறம் பம்பு பம்பா டெஸ்ட் பண்ணி ஆபத்தானதுக்கு சிவப்பு, பரவாயில்லைங்கறதுக்கு பச்சைன்னு பெயிண்ட் அடிச்சாங்க. சிலி நாட்டுல அன்டோபகாஸ்டா நகரத்துல 1958ல புது ஆத்துத் தண்ணியைக் கொண்டு வந்தாங்க, அதுல ஆர்சனிக் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல, 1970ல சுத்திகரிப்பு ஆலை வந்து எறங்குச்சு. பன்னெண்டு வருஷந்தான். ஆனா நுரையீரல், சிறுநீர்ப்பை கேன்சர் அதுக்கப்புறமும் பல வருஷம் அங்க அதிகமாவே இருந்துச்சு. ராத்திரி டார்ச் அடிச்சு கையைப் பாத்துட்டு இருந்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

நாங்களே ஆர்சனிக்கை வேற உருவத்துக்கு மாத்தற வேலையும் லேப்ல உண்டு. ஹைட்ரைடு முறைன்னு ஒண்ணு, ஆசிடும் போரோஹைட்ரைடும் சேத்து சாம்பிள்ல இருக்கற ஆர்சனிக்கை ஆர்சின் வாயுவா மாத்தி மெஷினுக்கு அனுப்புவோம். 1836ல ஜேம்ஸ் மார்ஷ் விஷம் வச்ச கேசுங்களைப் பிடிக்கறதுக்குக் கண்டுபிடிச்ச டெஸ்ட்ல நடந்ததும் இதேதான், அவரு துத்தநாகமும் ஆசிடும் வச்சுப் பண்ணினாரு. அளவு துளியூண்டு, ஆனா ஆர்சின் மாதிரி மோசமான ஆர்சனிக் உருவம் கம்மி. சிவப்பணுக்களை ஒடச்சிடும், சில மணி நேரம் ஒண்ணும் தெரியாது, அப்புறம் யூரின் கருஞ்சிவப்பா போகும், கிட்னி நின்னுடும். மேல சொன்ன மெட்டல் இழுக்கற மருந்து இதுக்கு ஒதவாது, ரத்தத்தை மாத்தறது, டயாலிசிஸ்னு போகணும். ஒரு நாள் எக்சாஸ்ட் குழாய் கழண்டு கெடந்ததைப் பாக்காம நான் ரன்னை ஆரம்பிச்சுட்டேன். அக்கா உள்ள வந்ததும் ஸ்விட்சை அணைச்சாங்க. நான் சும்மா இல்லாம "வாசனை எதுவும் வரலையே அக்கா"ன்னேன். பூண்டு வாசனை வரும்னு படிச்சிருந்தேன். "வாசனை வர்ற அளவுக்குப் போனா அது ஏற்கனவே லிமிட்டைத் தாண்டியிருக்கும், மூக்கை நம்பி ஆர்சினோட வேலை செய்யாத"ன்னு வெளிய கூட்டிட்டுப் போனாங்க. பெரிய பேக்டரிங்கள்ல ஆசிட் டேங்க் அடியில இருக்கற கசடைக் கழுவறப்ப, உலோகக் கசடு மேல ஆசிட் பட்டப்ப இப்படி ஆகி ஆளுங்க செத்திருக்காங்க. அங்க யாரும் ஆர்சனிக்கோட வேலை செய்யறதாவே நெனச்சிருக்க மாட்டாங்க, உலோகத்துல அசுத்தமா கலந்திருந்ததுதான்.

மரத்துலயும் இருக்கு. கரையான் அரிக்காம இருக்க குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூணும் ஏத்தின மரம், புதுசுல லேசா பச்சையா இருக்கும், அமெரிக்காவுல வீட்டு உபயோகத்துக்கு 2003 கடைசியோட நிறுத்திட்டாங்க, ஆனா பழைய வேலி, பழைய ஊஞ்சல் எல்லாம் இன்னும் நிக்குது. அதை விறகா எரிச்சா புகையிலயும் போகும், சாம்பல்லயும் தங்கும். தெரிஞ்சவர் ஒருத்தர் அப்படி எரிச்ச சாம்பலைச் செடிக்கு உரமா போட்டுட்டு, செடி வாடுதுன்னு மண்ணை எங்ககிட்ட கொண்டு வந்தாரு. பாஸ்பேட்னு நெனச்சு செடி அதை உறிஞ்சியிருக்கும். இதுலயும் ஒரு விதிவிலக்கு இருக்கு, டெரிஸ் விட்டாட்டான்னு ஒரு பெரணி, ஆர்சனிக்கை உறிஞ்சி எலையில மூட்டை கட்டி வச்சுக்கிட்டு ஜம்முன்னு வளரும், 2001ல கண்டுபிடிச்சாங்க. அவரு தோட்டத்துல அதை நட்டு மண்ணைச் சுத்தம் பண்ணலாமான்னு கேட்டாரு, பண்ணலாம், வருஷக்கணக்கா ஆகும், வெட்டின எலையை எங்க போடுவீங்கன்னு கேட்டேன். மேல்மண்ணை எடுத்து ஆபத்தான கழிவுன்னு குடுத்துட்டாரு.

அரிசி பத்தி கேப்பீங்க. தண்ணி நிக்கற வயல்ல ஆர்சனிக் ஆர்சனைட்டா மாறும், சிலிக்கானுக்குன்னு இருக்கற வழியில நெல்லு அதை உள்ள இழுக்கும், அதனால மத்த தானியத்தை விட அதுல கூடுதல்தான். நெறைய தண்ணி வச்சு வேகவச்சு வடிச்சா நல்லா கொறையும், கொஞ்சம் சத்தும் போகும். ஆனா வேகவைக்கற தண்ணியிலயே ஆர்சனிக் இருந்தா வடிச்சும் பிரயோஜனம் இல்ல, சோறு அதையும் குடிச்சுக்கும், அதனால மொதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க.

அந்த செக்கப் எடத்துக்கு நான் லெட்டர் எழுதினேன், பதில் வரல. எங்க லேப்ல யூரின் சாம்பிள் வாங்கி வெளிய அனுப்பறப்ப கூட வைக்கற பாரத்துல மட்டும் பேனாவுல ஒரு வரி சேத்தேன், "கடந்த அஞ்சு நாள்ல மீன், இறால், நண்டு, கடல்பாசி சாப்பிட்டீங்களா?" அடுத்த வருஷம் பாரத்தைப் புதுசா பிரிண்ட் பண்ணினப்ப ஆபீஸ்ல ஒருத்தர், இதென்ன ஹோட்டல் கேள்வி மாதிரி இருக்குன்னு அடிச்சுட்டாரு. அக்கா போய்ச் சண்டை போட்டு திரும்ப போட வச்சாங்க, இப்ப அது மூணாவது கேள்வி.